விலா எலும்பை உடைத்தவன்

என்னை அடித்தது யார் என்று போலீஸ் ஏட்டு கேட்டபோது, என் மைத்துனன் தேசப்பன் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். அதனால் நடந்ததை விட்டுவிட்டு என் இதயத்துக்கு வந்த கோளாறை மட்டும் எழுத எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திருவொற்றியூரில் கடலோரச் சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் வீடு. கீழே நானும் என் மனைவி வசந்தாவும் இருக்கிறோம். மாடியில் அவள் தம்பி தேசப்பன். விசைப்படகில் கடலுக்குப் போகிறவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன், கோபக்காரன். எங்கள் ஒரே மகள் கோமதி எர்ணாவூரில் குடியிருக்கிறாள்.

சென்ற வருடம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி, பிறகு மார்க்கெட் வரை நடப்பது, கடைசியில் சட்டை போடுவதற்கே. ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது ஒருநாள் கண் இருட்டி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. அது வயதில் சுண்ணாம்பு ஏறி இறுகிப்போயிருந்தது. திறக்க வேண்டிய கதவு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது என்றார் டாக்டர். இதயம் ஒவ்வொரு முறையும் அந்தக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது.

நெஞ்சைப் பிளந்து செய்ய என் உடம்பு தாங்காது என்று முடிவானது. தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக, சுருக்கி மடித்த புது வால்வை ஒரு குழாயில் வைத்து இதயம் வரை கொண்டுபோய், பழைய வால்வுக்கு உள்ளேயே விரித்துவிடுவார்கள். பழையதை எடுப்பதில்லை. புதியது அதை ஓரமாக நசுக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். செலவை கோமதியும் மருமகனும் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு என்று நான் கேட்டபோதெல்லாம் கோமதி பேச்சை மாற்றினாள்.

சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. கண் விழித்தபோது மூச்சு தாராளமாக உள்ளே போனது. ஆனால் டாக்டர் அம்மா இசிஜி தாளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார்.

"உங்க வால்வுக்குப் பக்கத்துலயே, இதயத்தைத் துடிக்க வைக்கிற மின்சாரம் போற பாதை இருக்கு. புது வால்வு அந்த இடத்தை அழுத்துது. அந்தப் பாதையில இடது பக்கக் கிளை இப்ப வேலை செய்யலை. வலது கிளை செய்யுது. பெரும்பாலும் இதோட நின்னுடும். சில பேருக்கு அதுவும் நின்னுபோகலாம். அப்படி ஆச்சுன்னா பேஸ்மேக்கர் வைக்கணும்."

கழுத்து நரம்பு வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயத்துக்குள் விட்டு, அதை வெளியே ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்திருந்தார்கள். இதயம் தயங்கினால் அந்தப் பெட்டி மின்சாரம் கொடுத்துத் தட்டிவிடும். என் இதயம் தயங்கவில்லை. கம்பியை எடுத்தார்கள், வார்டில் வைத்துக் கவனித்தார்கள், நடக்க வைத்தார்கள். தலைசுற்றினாலோ கண் இருட்டினாலோ உடனே வரவேண்டும் என்று மூன்று பேர் மூன்று முறை சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் அது நடந்தது.

காலையில் வசந்தா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நான் வாசலுக்கு வந்தேன். தேசப்பன் கடலிலிருந்து வந்து தன் ஐஸ் பெட்டியை எங்கள் வாசற்படியிலேயே வைத்திருந்தான். மீன் தண்ணீர் படியில் வழிந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். அவன் குளித்துக்கொண்டிருந்தவன், ஈரத் துண்டோடு இறங்கி வந்தான்.

"இன்னா மாமா, ஆஸ்பத்திரிலேந்து வந்த நாளா கத்திகினே கீற. ஒரு பெட்டி இங்க கீறதால இன்னா உன் உசுரா பூடும்?"

"வழுக்கி வுழுந்தா பூடும்டா. எடு."

"எடுக்க முடியாது. இன்னா பண்ணுவ?"

தெருவே கேட்டது. எதிர் வீட்டு பாபு, சலவைக் கடை வைத்திருப்பவர், கடையிலிருந்து எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியும். நான் தேசப்பனைப் பார்த்துக் கையை ஓங்கினேன். அவன் என் கையைப் பிடித்தான். அதுவரை நினைவிருக்கிறது. பிறகு யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருந்தது.

அடுத்து ஒரே ஒரு காட்சி. வானம் வெள்ளையாக இருந்தது. அதற்கு முன்னால் தேசப்பனின் முகம். பல்லைக் கடித்திருந்தான். கண் சிவந்து, வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. தன் முழு கனத்தையும் கைகளில் இறக்கி என் நெஞ்சில் குத்தினான். எனக்குள் எதுவோ முறிந்தது. மறுபடியும் குத்தினான். இவன் என்னைக் கொல்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததோடு அந்தக் காட்சியும் போய்விட்டது.

நான் பார்க்காததைப் பிறகு பலர் சொல்லக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். நான் விழுந்ததும் பாபுவும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்திருக்கிறார்கள். கைகலப்பில் கீழே தள்ளிவிட்டு மேலே ஏறி அடிக்கிறான் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். தேசப்பன் திரும்பி பாபுவின் முகத்தில் ஒரே குத்து விட்டான். மூக்கு உடைந்து ரத்தம் சட்டை முழுக்க வழிந்தது. மறுபடி என் மேல் ஏறினான். மறுபடி இழுத்தார்கள். ஒருவன் கட்டையால் அவன் முதுகில் அடித்தான். அடி விழ விழ அவன் என் நெஞ்சை விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது நாலு பேர் அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். நான் தரையில் கிடந்து மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் எனக்கு அரைகுறை நினைவு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். வலது கிளையும் நின்றுபோய், இதயத்தின் மேல் அறை கொடுக்கும் உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேரவேயில்லை. கீழ் அறை தன்னிஷ்டத்துக்கு எப்போதாவது ஒரு முறை துடித்தது, சில நேரம் அதுவும் இல்லை. கம்பி போடும் வரை உயிரைப் பிடித்து வைக்க, நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டுப்பட்டை ஒட்டி, தோலுக்கு வெளியிலிருந்தே மின்சாரம் கொடுத்தார்கள். அந்த மின்சாரம் இதயத்தை மட்டும் தட்டுவதில்லை. நெஞ்சுத் தசை முழுவதையும் சுருட்டி இழுக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் குதிரை உதைத்த மாதிரி. உடைந்த எலும்புகளின் மேல் அது விழுந்தது. ரத்த அழுத்தம் தரையில் கிடந்ததால் மயக்க மருந்தை அதிகம் கொடுக்க முடியவில்லை. உதை, ஒரு கணம் ஓய்வு, உதை. நிறுத்துங்கள் என்று கத்தினேன். நிறுத்தினால் செத்துவிடுவீர்கள் என்று ஒரு இளம் டாக்டர் என் காதருகே கத்தினார். செத்துப்போகிறேன், நிறுத்துங்கள் என்றேன். அவர்கள் என் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

கழுத்தில் மறுபடி கம்பி போட்டு என்னை ஐசியூவில் கிடத்தினார்கள். வால்வுக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்ததால், நெஞ்சு முழுக்க கழுத்திலிருந்து தொப்புள் வரை கருநீலமாகக் கன்றியிருந்தது. பார்த்தவர்கள் யாரும் அதை அடி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பாபு மூக்கில் கட்டோடு போலீசில் புகார் கொடுத்துவிட்டார். ஏட்டு வந்தார். நோயாளிக்கு இன்னும் தெளிவில்லை, வாக்குமூலம் வாங்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உள்ளே வந்தவர், என் கட்டிலருகே குனிந்து கேட்டார்.

"பெரியவரே, யார் உங்கள அடிச்சது?"

"தேசப்பன்," என்றேன். "என் மச்சான். மேல ஏறி குத்துனான்."

வசந்தா கட்டிலின் அந்தப் பக்கம் நின்று என் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

தேசப்பன் வெளியே வராந்தாவில்தான் இருந்தான். பிடித்தவர்களை உதறிவிட்டு, முதுகில் கட்டை அடியோடு ஆம்புலன்ஸ் பின்னாலேயே வந்து, அப்போதிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தான். வசந்தா போய் அவன் முன்னால் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். முகத்திலும் தலையிலும் காதிலும் மாறி மாறி அடித்தாள். காத்திருந்த நோயாளிகளின் வீட்டார் எழுந்து ஒதுங்கினார்கள். காவலாளி ஓடி வந்தும் பிடிக்கத் துணியவில்லை. கோமதிதான் அம்மாவை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தாள். தேசப்பன் கையைக்கூடத் தூக்கவில்லையாம்.

"அக்கா," என்றானாம். "மாமா பேசுறாரா? அவுரே சொன்னாரா?"

"அவுரே சொன்னாருடா, பாவி."

"பேசிட்டாரா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏட்டோடு போனானாம். ஸ்டேஷனில், நெஞ்சை அமுக்கினேன், மூச்சு நின்றுபோனால் படகில் அப்படித்தான் செய்வோம் என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் பாபுவின் மூக்கை ஏன் உடைத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குப் புத்தி தடுமாறிப் போயிருந்தது. வயதானவர்களுக்கு ஐசியூவில் இப்படி வருவது சகஜம், தானாகவே தெளியும் என்று கோமதியிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்னவோ கப்பலின் அடித்தளத்தில் கிடப்பது போலிருந்தது. தலைக்கு மேலே விளக்கு, கிரேனின் கொக்கியாகி ஆடியது. அதில் ஒரு கண்டெய்னர் தொங்கியது. மேலே ஓட்டுபவன் புதியவன், சமிக்ஞை தெரியாதவன். நகருங்கள், நகருங்கள் என்று அலறினேன். நகர விடாமல் என் கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஊசி போட வந்த ஆண் செவிலியரை வயிற்றில் உதைத்தேன். கடித்தேன் என்றும் சொல்கிறார்கள். யாரைக் கடித்தேன் என்று சொல்ல மறுக்கிறார்கள்.

ரெபேக்கா என்ற செவிலி மட்டும் என்னிடம் பயப்படவில்லை. ராயபுரத்துப் பெண். ஒல்லியான, குள்ளமான உருவம். "தாத்தா, என் அப்பாவும் ஹார்பர்தான். கொக்கி உங்க மேல வராது, நான் நிக்கிறேன் இல்ல," என்பாள். கோமதி மோரில் பிசைந்து கொண்டுவந்த இட்லியை நான் துப்பாமல் தின்றது அவள் கையால்தான்.

அப்படி ஊட்டுவதற்காகத்தான் ஒரு மதிய நேரம் என் வலது கையை அவிழ்த்துவிட்டாள். நான் இரண்டு வாய் வாங்கிக்கொண்டேன். கழுத்தில் ஏதோ கயிறு மாட்டியிருக்கிறது, அதனால்தான் என்னால் நகர முடியவில்லை என்று பட்டது. கையை உயர்த்தி, பிடித்து, இழுத்தேன்.

இதயத்துக்குள் இருந்த கம்பி நகர்ந்துவிட்டது. விளக்கு மறுபடி அணைந்தது.

எவ்வளவு நேரமென்று தெரியாது. வெள்ளைக் கூரை தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு முகம். பல்லைக் கடித்திருந்தது. தலைமுடி அவிழ்ந்து கண்ணில் விழுந்திருந்தது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி என் வாயில் விழுந்தது. அந்தச் சின்ன உடம்பின் கனம் முழுவதும் இரண்டு கைகள் வழியாக என் நெஞ்சில் இறங்கியது. ஏற்கெனவே உடைந்த எலும்புகள் ஒன்றோடொன்று உரசின. கட்டிலின் மேலேயே முழங்கால் போட்டு ஏறியிருந்தாள். குத்து. மறுபடி குத்து. சோறு ஊட்டிய அதே பெண்.

இவளும் என்னைக் கொல்கிறாள் என்று நினைத்தேன்.

"கண்ணத் தொறக்குறாரு, நிறுத்தாத," என்று யாரோ சொன்னார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒட்டுப்பட்டை ஒட்டி மின்சாரம் உதைக்க ஆரம்பித்த பிறகுதான் கையை எடுத்தாள். எடுத்தவள் கட்டிலிலிருந்து இறங்க முடியாமல் என் காலருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "சாரி தாத்தா, சாரி," என்றாள். உதைகளுக்கு நடுவே நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்.

புதுக் கம்பி போட்டு, மயக்கம் தெளிந்ததும் வசந்தாவைக் கூப்பிடச் சொன்னேன். அவள் வந்ததும் கேட்டேன்.

"தேசப்பன் எங்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவன் பேச்ச எடுக்காத."

"வசந்தா, அவன் என்ன அடிக்கல. அந்த நர்சுப் பொண்ணு பண்ணதத்தான் அவனும் பண்ணான்."

அவள் நம்பவில்லை. நான் இன்னும் உளறுகிறேன் என்று டாக்டர் அம்மாவை அழைத்து வந்தாள். டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். என்னைக் கொண்டுவந்த அன்று எடுத்த எலும்புப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

"அடிச்சா இங்கயும் அங்கயும் உடையும்மா. இது நடு நெஞ்சுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா உடைஞ்சிருக்கு. இதை ஆம்புலன்ஸ்காரங்க பண்ணாங்கன்னு நாங்க நினைச்சோம். அவங்க வந்தப்ப மூச்சு இருந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி யாரோ இதயத்துக்குப் பதிலா ரத்தத்தைத் தள்ளிட்டு இருந்திருக்காங்க. இல்லன்னா இவர் மூளை இந்நேரம் இப்படிப் பேசாது."

"யாரோ இல்ல," என்றேன்.

வசந்தா தன் காலிலிருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு வெளியே நடந்தாள். கோமதி பின்னால் ஓடினாள். இருவரும் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனார்கள். டாக்டர் அம்மா தொலைபேசியில் ஏட்டிடம் பேசினார். அதன் பிறகு ஏட்டே மறுபடி வந்தார். இந்த முறை டாக்டர் பக்கத்தில் நிற்க, முறைப்படி கேட்டு எழுதிக்கொண்டார்.

"அன்னிக்கி இவ்ளோ தெளிவா சொன்னீங்களே பெரியவரே," என்றார்.

"பாத்தத சொன்னேன் சார்," என்றேன். வேறென்ன சொல்வது?

பாபு புகாரைத் திரும்பப் பெறுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்த்தார். மூக்கு உருளைக்கிழங்கு போல் இருந்தது. "நாங்க அவன இஸ்து புடிக்காம இருந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காதோ?" என்று கேட்டார். அவரைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. அவரும் என்னைக் காப்பாற்றத்தான் வந்தார். அதைச் சொன்னேன். மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "உன் மச்சானுக்கு இன்னா கை," என்று முனகியபடி போனார்.

இடது காறை எலும்புக்குக் கீழே தோலை அறுத்து பேஸ்மேக்கரை வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அங்கே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டதால், அவர்கள் தோலுக்கடியில் விரலை விட்டுப் பை மாதிரி இடம் பண்ணுவது தெரிந்தது. தள்ளினார்கள், கிழித்தார்கள், அழுத்தினார்கள். இத்தனைக்கும் பிறகு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மேல் அறையின் உத்தரவைக் கேட்டுக் கீழ் அறைக்குச் சொல்வது இனி இதன் வேலை. முடித்ததும் கழுத்துக் கம்பியை உருவினார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கையே பார்த்தேன். விளக்கு அணையவில்லை.

வால்வு சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வாசலில் விழுந்த அன்று காலை பல் தேய்க்கும்போது எனக்கு லேசாகத் தலை சுற்றியது. மாத்திரையின் வேலை என்று விட்டுவிட்டேன். விடாதீர்கள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு தேசப்பன் வந்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஒரு காது வீங்கி, தடித்துத் தொங்கியது. வசந்தா அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து என் கட்டிலருகே நிறுத்தினாள். அவனைத் தொட்ட கையை அவள் எடுக்கவேயில்லை.

"ஏன்டா, உங்கக்கா அடிச்சப்ப ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரில மாமா." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீ சொன்னன்னு சொன்னதும் எனக்கும் டவுட்டு வந்துச்சு. சண்ட போட்டுகினு இருந்தோம் இல்ல. கோவத்துலதான் அமுக்குனனோன்னு ஸ்டேஷன்ல ஒக்காந்துகினு யோசிச்சேன். எலும்பு ஒடஞ்சிச்சி மாமா. என் கைக்குத் தெரிஞ்சிச்சி. கைய எடுத்துட்டேன். ஒன் மூஞ்சி நீலமா பூட்ச்சி. அப்பால மறுபடி வெச்சேன்."

வசந்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் விம்மினால் விலாவில் கத்தி இறங்கியது, அதனால் கண்ணில் மட்டும் அழுதேன்.

சற்று நேரம் கழித்துக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. படுத்த இடத்திலிருந்து நானாக எழ முடியாது. பேஸ்மேக்கர் வைத்த பக்கத்துக் கையை ஊன்றவும் கூடாது. வசந்தாவால் என்னைத் தூக்க முடியாது. தேசப்பனைப் பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி நகர்ந்தான்.

"வேணாம் மாமா. நர்ச கூப்புடுறேன்."

"வாடா."

"என் கை படக் கூடாது மாமா. எதனா ஆயிடும்."

"புடிடா."

வந்தான். கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, என் அக்குளுக்கும் முதுகுக்கும் அடியில் கைகளை நுழைத்தான். வலை இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் என் முதுகில் சொரசொரத்தன. அவன் முகம் மறுபடி என் முகத்துக்கு நேர் மேலே வந்தது. பல்லைக் கடித்திருந்தான். கொஞ்சம் தூக்கினான். உடைந்த எலும்புகள் அத்தனையும் ஒரே சமயத்தில் நகர்ந்தன. என் வாயிலிருந்து சத்தம் வந்ததும் அப்படியே நிறுத்திவிட்டான்.

"வலிக்கிதா மாமா?"

"வலிக்கிது," என்றேன். "தூக்கு."